புழக்கடை அக்ரோட்டு: ஒரு மரத்தின் சரித்திரம்

சரித்திரம் என்றாலே கல்வெட்டு, செப்பேடு என்று நினைக்கிறோம். தில்லி காரி பாவலியில் உலர்பழ வியாபாரம் பார்த்தே நாற்பது வருஷத்தை ஓட்டியவன் நான். படிப்பு பள்ளி இறுதி வகுப்போடு சரி. மீதியெல்லாம் பழைய புத்தகக் கடைகள் போட்ட பிச்சை. தராசுத் தட்டில் விழுகிற கொட்டைக்கும் ஒரு சரித்திரம் உண்டு என்று கண்டதால் இதை எழுதத் துணிந்தேன்.

நாம் அக்ரூட் என்றும் வால்நட் என்றும் சொல்லும் அக்ரோட்டைத்தான் சொல்கிறேன். சரக சம்ஹிதை வாதாமோடு சேர்த்து இதை 'அக்ஷோடம்' என்கிறது. இந்தியின் 'அக்ரோட்' அதன் வழி வந்தது. நம் அக்ரோட்டும் அதன் வழிதான். 'வால்நட்' என்ற இங்கிலீஷ் சொல்லுக்குப் பழைய பொருள் 'அந்நியர் கொட்டை'. அவர்களுக்கு அது வெளியிலிருந்து வந்த சரக்கு. காஷ்மீரிகளுக்கோ அது 'டூன்'. வீட்டுப் புழக்கடையிலேயே நிற்கிற மரம்.

காஷ்மீரில் நிலவரித் திட்ட அதிகாரியாக இருந்த வால்டர் லாரன்ஸ் 1895-இல் பள்ளத்தாக்கைப் பற்றிப் பெரிய நூல் ஒன்றை வெளியிட்டார். அதில் மூன்று வகைக் காய்களைப் பிரிக்கிறார். காகிதம் போல் ஓடு உள்ளது காகஸி; நடுத்தரம் புர்சல்; சம்மட்டி கேட்பது வொன்ட். கடைத்தெருவில் காகஸி என்ற பெயர் இன்றும் செல்லும். அன்று அக்ரோட்டின் பெரிய உபயோகம் எண்ணெய்தான். சமையலுக்கும் அதுவே, விளக்குக்கும் அதுவே. நம் ஊரில் விளக்கெரிக்க இலுப்பை எண்ணெய் இருந்ததல்லவா, அந்த மாதிரி. பட்டை 'தந்தாசா' என்ற பெயரில் பஞ்சாபுக்குப் போகும். பெண்கள் அதால் பல் துலக்குவார்கள், உதடும் சிவக்கும்.

புத்தகத்தில் இல்லாததை எனக்குச் சொன்னவர் எங்கள் காலனியில் மூன்றாம் வீட்டு மாதாஜி. காஷ்மீரப் பண்டிட் குடும்பம். 1990-இல் பள்ளத்தாக்கை விட்டு வந்தவர்கள். அவர் மகனை நான் பண்டிட்ஜி என்பேன்; அவர் என்னை ஜெயின் சாப் என்பார்.

மாதாஜி சொன்னது: "மரத்தை வைத்தது என் மாமனாரின் அப்பா. கொட்டை போட்டு முளைத்த கன்று காய்க்கவே பத்து வருஷத்துக்கு மேலாகும். வைத்தவர் வயிறாரத் தின்றாரோ என்னவோ, நாங்கள் தின்றோம்." செப்டம்பரில் பச்சைத் தோல் வெடிக்கத் தொடங்கும். பக்கத்து முஸ்லிம் குடும்பத்துப் பெரியவர்தான் ஏறி நீளக் கழியால் உலுக்குவார். கூலி, காயில் ஒரு பங்கு. எண்பது அடி, தொண்ணூறு அடி வளர்கிற மரம். விழுந்து முதுகெலும்பு முறிந்தவர்களும் உயிர் விட்டவர்களும் அங்கே வருஷாவருஷம் உண்டு. "அவர் இறங்குகிற வரைக்கும் என் மாமியார் வாயில் தண்ணீர் ஊற்ற மாட்டார்" என்றார் மாதாஜி.

கீழே பெண்கள் பொறுக்கிக் குவித்துச் சில நாள் மூடி வைத்தால் தோல் தளரும். உரிக்கும்போது ஏறுகிற கருஞ்சாயம் எத்தனை சோப்பு போட்டாலும் வாரக்கணக்கில் போகாது. பிறகு கழுவி, வெயிலில் உலர்த்தி, பரணில் ஏற்ற வேண்டும். ஓட்டோடு இருந்தால் அடுத்த அறுவடை வரை தாங்கும். உடைத்த பருப்போ சீக்கிரம் காறிப்போகும். இதை வியாபாரியான நானும் சத்தியம் பண்ணிச் சொல்வேன். தயிரும் பச்சைமிளகாயும் சேர்த்து அரைக்கும் அக்ரோட்டுச் சட்னிக்கு அவர்கள் முள்ளங்கியும் துருவிப் போடுவார்கள். நாங்கள் கிழங்கு தொடாத சமணக் குடும்பம் என்பதால் எனக்கு மட்டும் முள்ளங்கி இல்லாமல் தனிக் கிண்ணத்தில் வரும்.

இம்மரத்துக்கு ஆபத்து அதன் கட்டையால் வந்தது. செதுக்கு வேலைக்கும் துப்பாக்கிக் கட்டைக்கும் இதற்கு ஈடான மரம் குறைவு. வெட்டு மிஞ்சவே, 1969-இல் ஜம்மு காஷ்மீரில் மரப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. சொந்தக் கொல்லையில் நின்றாலும் அனுமதியின்றி அக்ரோட்டை வெட்டக்கூடாது என்றாயிற்று. 1997-இல் இன்னொரு சட்டம். வெளியேறியவர்களின் சொத்து நெருக்கடியில் அடிமாட்டு விலைக்குப் போகாமல் தடுக்க. பண்டிட்ஜி வீடு அதற்கு முன்பே கைமாறிவிட்டது. "ஜெயின் சாப், வீட்டுக்கு விலை பேசினோம், நிலத்துக்குப் பேசினோம். மரத்தைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. நானும்தான்" என்றார் ஒருநாள். நான் என்ன பதில் சொல்ல?

மரம் போனாலும் காய் அவர்களை விடவில்லை. சிவராத்திரியை அவர்கள் 'ஹேரத்' என்கிறார்கள். மாசித் தேய்பிறைத் திரயோதசி இரவில் நீர் நிறைத்த பாத்திரத்தில் அக்ரோட்டுகளைப் போட்டு வடுகரைப் பூஜிக்கிறார்கள். நம் ஊர்ச் சிவன் கோயில்களில் வடுக பைரவர் என்கிறோமே, அதே பெயர்தான். அமாவாசைக்கு 'டூன் மாவஸ்' என்று பெயர். அதாவது அக்ரோட்டு அமாவாசை. அன்று நீர்க்கரைக்குப் போய்த் திரும்பி வருகிறவர் கதவைத் தட்ட, உள்ளிருந்து "யார், என்ன கொண்டுவந்தீர்கள்?" என்று கேட்பார்கள். சோறும் செல்வமும் சுகமும் கொண்டுவந்தேன் என்று சொன்னால்தான் கதவு திறக்கும். பிறகு ஊறிய அக்ரோட்டைப் பெண் கொடுத்த வீடுகளுக்கும் அண்டை அயலுக்கும் அனுப்புவார்கள். எங்கள் வீட்டுக்கும் வரும். பெரும்பாலும் இருட்டிய பிறகுதான் வரும். விளக்கு வைத்தபின் நாங்கள் உண்பதில்லை என்று மாதாஜிக்குத் தெரியும். "காலையில் உடையுங்கள்" என்று சொல்லி அனுப்புவார்.

ஹேரத்துக்குக் காய் என் கடையிலிருந்துதான் போகும். ஒருதரம் கலிபோர்னியா காய் அனுப்பினேன். ஒரே அளவு, பளபளப்பு. மாதாஜி திருப்பிவிட்டார். "எல்லாம் ஒரே அச்சில் வார்த்தது போல இருக்கிறது. எங்கள் மரத்துக் காய்க்கு முகம் உண்டு" என்றார். சரிதானே! கொட்டையில் முளைத்த மரம் ஒன்று போல் ஒன்று இராது. அன்றிலிருந்து மூட்டையைக் கொட்டி, கோணலும் மாணலுமான காஷ்மீரக் காயாகப் பொறுக்கிக் கொடுத்து வருகிறேன்.

போன வருஷம் கதவைத் தட்டியது மாதாஜியின் தில்லியில் பிறந்த பேரன். காஷ்மீரி மொழியில் சொல்ல வேண்டிய பதிலை இந்தி கலந்து தட்டுத்தடுமாறிச் சொன்னான். மாதாஜி திருத்தவில்லை, கதவைத் திறந்துவிட்டார்.

வந்தவாசிப் பக்கம் எங்கள் ஊர் வீட்டுப் பின்னால் ஓர் இலுப்பை நின்றது. அதன் எண்ணெய் வாசனை எனக்குத் தெரியும். என் பேத்திக்கு அந்த மரத்தின் பெயர்கூடத் தெரியாது. குற்றம் அவளுடையதல்ல, நான் சொல்லவில்லை. அன்பர்களே, உங்கள் பாட்டன் வீட்டுக் கொல்லையில் நின்ற மரம் எது? யார் வைத்தார்கள், யார் ஏறிப் பறித்தார்கள், காயை என்ன செய்தார்கள்? ஒரு நோட்டுப் புத்தகத்தில் இன்றே எழுதி வையுங்கள். எந்தப் பத்திரத்திலும் அது இருக்காது.