உயிர் உதிர்ந்த கழுகு

ருஷ்ய மொழியில் கழுகை ‘ஓர்யோல்’ என்பார்கள். செக் மொழியில் அது ‘ஓரெல்’. அந்தப் பறவையின் பெயரைக் குடும்பப் பெயராகச் சுமப்பவர்களோ ‘ஓர்லோவ்’. நடுவில் இருந்த உயிரொலி எங்கே போயிற்று?

இதற்கு விடை காணத் தமிழ் இலக்கணம் படித்தவருக்கு அதிகம் சிரமம் இராது. பழைய ஸ்லாவிய மொழியில் கழுகுக்கான சொல் ஏறத்தாழ ‘ஓரிலு’. அதன் இகரமும் உகரமும் மாத்திரை குறுகியவை. நம் குற்றியலிகரத்துக்கும் குற்றியலுகரத்துக்கும் தூரத்து உறவு போன்றவை. ஈற்று உகரம் உதிர்ந்தபோது, அதற்கு முந்திய இகரம் வலுப்பெற்று முழு உயிரானது, ‘ஓர்யோல்’ பிறந்தது. முழு உயிரில் தொடங்கும் விகுதி வந்து ஒட்டினாலோ அந்த இகரமே தேய்ந்து மறையும். ‘கழுகின்’ என்பதற்கு ‘ஓர்லா’. ‘ஓவ்’ என்னும் உடைமை விகுதி சேர்ந்தால் ஓர்லோவ்: கழுகு என்று அழைக்கப்பட்டவனின் பிள்ளை. மகளானால் ஓர்லோவா. சோவியத் திரையின் பெரும் நட்சத்திரம் லியுபோவ் ஓர்லோவாவின் பெயரில் இருப்பதும் இந்தப் பறவைதான்.

கழுகு என்று மனிதருக்குப் பெயரா? பழைய ருஷ்யாவில் ஞானஸ்நானப் பெயரோடு ஊர் வழங்கிய பெயரும் இருந்தது. அதற்குப் பறவைகள் தாராளமாகக் கைகொடுத்தன. வல்லூறு சொக்கோலோவ் ஆயிற்று. அண்டங்காக்கை வோரோனோவ் ஆயிற்று.

ஓர்யோல் என்றே ஒரு நகரம் உண்டு. ஓக்கா ஆறும் ஓர்லிக் ஆறும் கூடும் இடத்தில், 1566இல் நான்காம் இவான் எழுப்பிய கோட்டை அது. காடு திருத்தியவர்கள் ஒரு கருவாலி மரத்தை வெட்டச் சென்றபோது அதிலிருந்து கழுகொன்று எழுந்து பறந்ததாம். இடத்துக்கு உரியவன் இவனே என்று அதன் பெயரையே சூட்டினார்களாம். ஊர்க்கதை நமக்குப் பிடிக்கிறது. ஆனால் ‘குட்டிக் கழுகு’ என்று பொருள்படும் ஆற்றின் பெயரையும் கூடவே வைத்துப் பார்க்க வேண்டும். ஆற்றின் பெயரால் ஊர் அழைக்கப்படுவது ருஷ்யாவில் மிகச் சாதாரணம். நாவலாசிரியர் துர்கேனிவ் 1818இல் பிறந்தது இந்த ஊரில்தான்.

எழுத்தொற்றுமையை மட்டும் நம்பினால் சறுக்குவோம். போலந்து நாவலாசிரியை எலிசா ஓழெஷ்கோவாவின் பெயரைப் போலிஷ் எழுத்தில் பார்த்தால், கழுகைக் குறிக்கும் சொல்லைப் போலவே தொடங்கும். அதன் வேரோ ஒரு கொட்டை. பறவைக்கு அங்கே இடமில்லை.

ஓர்லோவ்களில் புகழ்பெற்றவர் கிரிகோரி. 1762இல் இரண்டாம் கேத்தரினை அரியணையில் அமர்த்திய சகோதரர்களுள் ஒருவர். அவர் வாங்கி அரசிக்கு அளித்த வைரம் இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. எடை சுமார் 190 காரட். அது திருவரங்கத்துப் பெருமாளின் கண்ணிலிருந்து களவாடப்பட்டது என்றொரு கதை உலகெங்கும் உலவுகிறது. சான்று காட்டியவர் இல்லை. இன்று கிரெம்ளினில், ருஷ்யப் பேரரசின் செங்கோலின் தலைப்பில் அந்தக் கல் பதிந்திருக்கிறது. அதன் மேலே இறக்கை விரித்து நிற்பது இருதலைக் கழுகு.