செவியிலிருந்து விரல்நுனி வரை: சிங்கப்பூரில் மூச்சை மதிப்பிடக் கற்ற வரலாறு

முன்னுரை

மூச்சுத்திணறலோடு மருத்துவமனைக்கு வருபவருக்கு அதிக அவகாசம் இருப்பதில்லை. அவர் காத்திருக்கலாமா, உடனே ஆக்ஸிஜன் வேண்டுமா, தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்ப வேண்டுமா என்பதைச் சில நிமிடங்களில் முடிவு செய்தாக வேண்டும். அந்த முடிவை எடுக்கக் கற்பதே சுவாசப் பராமரிப்பின் முதல் பாடம். சிங்கப்பூரில் அந்தப் பாடம் வளர்ந்த விதத்தை 1844 முதல் அண்மைக்காலம் வரை, பெரும்பாலும் டான் டோக் செங் மருத்துவமனையின் வழியே இக்கட்டுரை பின்தொடர்கிறது.

இதைக் கருவிகளின் வரலாறாகச் சொல்வது எளிது. ஆனால் மதிப்பிடும் பொறுப்பு எந்தக் காலத்தில் யாரிடம் இருந்தது என்று கேட்டால் வேறொரு வரலாறு புலப்படுகிறது. மருத்துவரின் செவியில் தொடங்கிய பொறுப்பு ஆய்வுக்கூடத்துக்கும் தாதியரின் பதிவேட்டுக்கும் நகர்ந்து, கடைசியில் நோயாளியின் விரலுக்கே வந்து சேர்ந்தது. பொறுப்பு கைமாறிய வேகத்தில் பயிற்சியும் கூடவே சென்றதா என்பதுதான் இக்கட்டுரையின் கேள்வி.

சிராங்கூன் சாலையும் மருத்துவக் கல்வியும்

வணிகர் டான் டோக் செங் கொடுத்த 7,000 வெள்ளியைக் கொண்டு, ஏழைகளுக்கான மருத்துவமனைக்கு 1844 மே 25 அன்று பெர்ல்ஸ் ஹில் குன்றில் அடிக்கல் நாட்டப்பட்டது. 1860 வாக்கில் அது சிராங்கூன் சாலையும் பாலஸ்தியர் சாலையும் சந்திக்கும் இடத்துக்கு, அதாவது இன்றைய லிட்டில் இந்தியாவின் வடக்குப் பக்கத்துக்கு இடம் மாறியது. 1909இல் மோல்மீன் சாலைக்குச் சென்றது.

அந்தக் காலத்து நகரம் நுரையீரலுக்கு உகந்ததாக இல்லை. சிங்கப்பூரின் சுகாதார நிலை குறித்து 1907இல் அறிக்கை அளித்த டபிள்யூ. ஜே. சிம்சன், கடைவீடுகளின் மாடிகளைச் சன்னலில்லாத சிற்றறைகளாகத் தடுத்து வாடகைக்கு விடுவதையும் காசநோயையும் இணைத்துப் பேசினார். வெளிச்சமும் காற்றும் புகாத அறையில் ஒருவர் இருமினால் போதும், மற்றவர்களுக்கும் நோய் பரவியது.

அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், 1905இல், வணிகர் டான் ஜியாக் கிம் தலைமையில் சமூகத்தினர் திரட்டிய 87,077 வெள்ளியின் துணையோடு சிப்பாய் லைன்ஸ் பகுதியில் மருத்துவப் பள்ளி தொடங்கியது. முதல் அணியில் 23 மாணவர்கள் இருந்தனர். பிரெஞ்சு மருத்துவர் லேனெக் 1816இல் ஸ்டெதாஸ்கோப்பை உருவாக்கிய பிறகு ஐரோப்பாவில் நிலைபெற்ற நான்கு படிகளே அவர்கள் காலத்து மார்புப் பரிசோதனையின் அடிப்படை: பார்த்தல், தொடுதல், தட்டுதல், கேட்டல். மூச்சிழுக்கும்போது மார்பின் இரு பக்கமும் ஒன்றுபோல் விரிகிறதா, கழுத்துத் தசைகள் இழுபடுகின்றனவா என்று முதலில் பார்க்க வேண்டும். நீர் கட்டிய இடத்தைத் தட்டினால் மந்தமான ஒலி வரும். காற்று நிறைந்த இடம் முழங்கும். அதன் பிறகே காதுக்கு வேலை.

இந்த முறையில் மதிப்பீடு முழுவதும் மருத்துவரிடமே இருந்தது. அதன் பெரிய குறை, நோய் முற்றும்வரை காது காத்திருக்க வேண்டியிருந்ததுதான். தொடக்கநிலைக் காசநோயில் மார்பு பெரும்பாலும் எதையும் சொல்லாது.

எக்ஸ்ரே, சளி, சென்னை

இரண்டாம் உலகப் போருக்குப் பின் டான் டோக் செங் மருத்துவமனை காசநோய் சிகிச்சையின் மையமாயிற்று. 1947இல் சாட்டா என்று அறியப்பட்ட சிங்கப்பூர்க் காசநோய் எதிர்ப்புச் சங்கம் உருவானது. நடமாடும் எக்ஸ்ரே வண்டிகளால், நோயாளி மருத்துவரைத் தேடி வரும் முறையோடு, அறிகுறியே இல்லாதவரைத் தேடிச் சென்று படமெடுக்கும் முறையும் சேர்ந்தது.

ஆனால் படத்தைப் பார்ப்பவரின் கண்ணும் ஏமாறக்கூடியது. பிரிட்டிஷ் மருத்துவ ஆய்வு மன்றம் 107 நோயாளிகளைக் கொண்டு நடத்தி 1948இல் வெளியிட்ட ஸ்ட்ரெப்டோமைசின் ஆய்வு இதற்கு ஒரு வழி கண்டது. எந்த நோயாளிக்கு எந்த சிகிச்சை என்று அறியாதவர்கள் தனித்தனியே எக்ஸ்ரேக்களை மதிப்பிட்டார்கள். அந்த ஒழுங்கு பிரிட்டிஷ் மருத்துவர் வாலஸ் ஃபாக்ஸ் வழியாக 1956இல் சென்னைக்கு வந்தது. சென்னையில் 193 நோயாளிகளைக் கொண்டு நடந்து 1959இல் வெளியான ஆய்வு, வீட்டிலிருந்தே மருந்து உட்கொண்டவர்களும் சானடோரியத்தில் தங்கியவர்களும் ஏறத்தாழ ஒரே அளவில் குணமடைவதைக் காட்டியது. பின்னர் அதே மன்றத்தின் காசநோய்ப் பிரிவுக்கு ஃபாக்ஸ் தலைமை வகித்த காலத்தில், சிங்கப்பூர்க் காசநோய்ச் சேவையும் அம்மன்றமும் 1970களிலும் 80களிலும் குறுகியகாலச் சிகிச்சை ஆய்வுகளைச் சேர்ந்து நடத்தின. ஆறு மாத சிகிச்சையின் வலிமையை நிறுவிய ஆய்வுகளில் இவையும் அடங்கும்.

நோயாளியின் முன்னேற்றத்தை அளக்க இந்த ஆய்வுகள் முதன்மையாக நம்பியது சளியை. சளியில் கிருமி வளர்கிறதா, சிகிச்சை முடிந்த பின் திரும்ப வருகிறதா என்பதே அளவுகோல். மதிப்பீட்டின் பெரும்பங்கு இவ்வாறு மருத்துவரின் செவியிலிருந்து ஆய்வுக்கூடத்துக்கு நகர்ந்தது. 1960இல் ஒரு லட்சம் பேருக்கு 307 ஆக இருந்த காசநோய் விகிதம் 1987இல் ஏறத்தாழ 55 ஆகக் குறைந்தது. வீட்டுவசதி, பிசிஜி தடுப்பூசி, மருந்து ஆகிய மூன்றுக்கும் இதில் பங்குண்டு. அதன்பின் பத்தாண்டுகள் அந்த எண் ஏறக்குறைய அங்கேயே தேங்கி நின்றதால், 1997இல் தேசிய அளவில் காசநோய் ஒழிப்புத் திட்டம் தொடங்கப்பட்டது.

சார்ஸ்: தாதியின் பதிவேடு

2003 மார்ச்சில் பாடம் தலைகீழானது. ஹாங்காங்கிலிருந்து திரும்பியவர்கள் வழியே வந்த சார்ஸ், தொடக்க நாட்களில் தெளிவான மார்பு ஒலி எதையும் தரவில்லை. முழுக் கவச உடைக்குள் ஸ்டெதாஸ்கோப்பைக் காதில் பொருத்துவதே கடினமாக இருந்தது. மார்ச் 22 அன்று டான் டோக் செங் சார்ஸ் நோயாளிகளுக்கான மருத்துவமனையாக அறிவிக்கப்பட்டது. காய்ச்சல், எங்கே சென்றார், யாரோடு இருந்தார் என்ற மூன்று விவரங்கள் மார்பொலியைவிட முக்கியமாயின.

அதிலும் ஒரு பொறி இருந்தது. நாள்பட்ட நோய்கள் உள்ளவர்களிடம் சார்ஸ் தன் வழக்கமான அடையாளத்தை மறைத்துக்கொண்டது. அப்படி மறைந்த தொற்று இன்னொரு பெரிய மருத்துவமனைக்கும் பரவியது. சிங்கப்பூரில் நோயுற்ற 238 பேரில் 97 பேர் சுகாதார ஊழியர்கள். இறந்தோர் 33 பேர். ஊழியர்கள் தங்கள் வெப்பநிலையைத் தாங்களே நாள்தோறும் அளந்து பதிந்தார்கள். நோயாளியைக் கணிக்கும் கண் தன்னையும் கணிக்க வேண்டும் என்ற ஒழுக்கம் அந்தத் தொற்றுக் காலத்தில் வேரூன்றியது. கட்டிலருகே அதிக நேரம் நிற்கும் தாதியே முதல் மாற்றத்தைக் காண்பவர் என்பதும் அப்போது ஐயமின்றித் தெளிந்தது.

தங்குவிடுதிகள்: நோயாளியின் விரல்

2020இல் கோவிட்-19 வெளிநாட்டு ஊழியர்களின் தங்குவிடுதிகளில் பரவியது. ஞாயிற்றுக்கிழமைகளில் லிட்டில் இந்தியாவின் தேக்காவையும் சிராங்கூன் சாலையையும் நிறைக்கும் தமிழரும் வங்காளிகளும் அந்த விடுதிகளில் அடைபட்டார்கள். டிசம்பர் நடுவில் சிங்கப்பூர் அரசு வெளியிட்ட கணக்கின்படி, விடுதிவாசிகளில் 47 விழுக்காட்டினர் தொற்றுக்கு ஆளாகியிருந்தனர். இத்தனை பேரையும் மருத்துவர் ஒவ்வொருவராகத் தொட்டுப் பார்ப்பது நடவாத காரியம். ஊழியர்கள் வெப்பநிலையைத் தாங்களே அளந்து கைப்பேசிச் செயலியில் பதிந்தனர். ரத்தத்தின் ஆக்ஸிஜன் விழுக்காட்டை விரலில் அளக்கும் ஆக்ஸிமீட்டர்களும் அவர்கள் கைக்கு வந்தன. 2021 ஜூலையில் தெமாசெக் அறநிறுவனம் வீடுதோறும் ஓர் ஆக்ஸிமீட்டர் வழங்கத் தொடங்கியது.

டக்குவோ அவோயாகி 1970களில் ஜப்பானில் உருவாக்கிய பல்ஸ் ஆக்ஸிமீட்டர் முறை, சிவப்பு ஒளியும் அகச்சிவப்பு ஒளியும் விரலைக் கடக்கும்போது ரத்தம் எவ்வளவை உறிஞ்சுகிறது என்று கணக்கிடுகிறது. கோவிட் நோயாளிகள் சிலர் ஆக்ஸிஜன் குறைந்தும் திணறலை உணராமல் பேசிக்கொண்டிருந்ததால் இக்கருவி பல உயிர்களுக்குக் காவலாயிற்று. ஆனால் ஒளி தோலையும் கடந்தாக வேண்டும்; தோலின் நிறம் அளவீட்டைப் பிறழச் செய்யலாம். 2020 டிசம்பரில் அமெரிக்காவில் வெளியான ஆய்வு இதை எண்களாக்கியது. கருவி 92 முதல் 96 வரை காட்டியபோது, ரத்தத்தில் உண்மையான அளவு 88க்குக் கீழே இருந்தது கறுப்பினத்தவரின் அளவீடுகளில் 11.7 விழுக்காடு, வெள்ளையரின் அளவீடுகளில் 3.6 விழுக்காடு. கருமையான தோலுடைய தமிழ்த் தொழிலாளிக்கு இது தூரத்துச் செய்தி அன்று. அவர் விரலில் தெரியும் 94ஐ அப்படியே நம்பி அவரைத் திருப்பி அனுப்புவது தவறாகிவிடக்கூடும்.

முடிவுரை

எண்ணைச் சரிபார்க்கும் வழிகள் பழைய பாடத்திலேயே இருக்கின்றன. ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ண வேண்டும். பிரிட்டனின் ராயல் மருத்துவர் கல்லூரி 2012இல் வகுத்த எச்சரிக்கை மதிப்பெண் முறையில், நிமிடத்துக்கு 25 அல்லது அதற்கு மேல் என்பது அந்தப் பிரிவில் தரப்படும் மிக உயர்ந்த அபாய மதிப்பெண். அடுத்து, நோயாளியைப் பேச வைக்க வேண்டும். முழு வாக்கியத்தை ஒரே மூச்சில் முடிக்கிறாரா, இரண்டு சொல்லுக்கு ஒருமுறை நிறுத்துகிறாரா என்பது எந்தக் கருவிக்கும் குறையாத சான்று. அதற்கு அவருக்குச் சரளமான மொழியில் கேள்வி கேட்க வேண்டும். அரைகுறை ஆங்கிலத்தில் பதில் சொல்பவர் சொல்லுக்குத் தயங்குகிறாரா, மூச்சுக்குத் தயங்குகிறாரா என்று கேட்பவருக்குத் தெரியாது.

மோல்மீன் சாலையில் டான் டோக் செங்கிற்கு அருகே 2019இல் திறக்கப்பட்ட தொற்றுநோய்களுக்கான தேசிய நிலையம் இந்த நகரத்தின் முன்னெச்சரிக்கைக்குச் சான்று. கட்டடத்தோடு பயிற்சியும் அதே அளவில் விரிய வேண்டும் என்பதே இவ்வாய்வின் முடிவு. மதிப்பிடும் வேலையை நோயாளியிடம் ஒப்படைக்கும் சமூகம், எந்த எண்ணில் அஞ்ச வேண்டும், எண் நன்றாக இருந்தும் எப்போது உதவி கேட்க வேண்டும் என்பதை அவருடைய மொழியிலேயே கற்பிக்கக் கடமைப்பட்டது. தாதியர், மருத்துவ மாணவர், விடுதி மேற்பார்வையாளர் ஆகியோரின் பாடத்திட்டத்தில் ஆக்ஸிமீட்டரின் எல்லைகளும் மூச்செண்ணும் பழக்கமும் தமிழிலும் வங்காளத்திலும் கேட்கவேண்டிய சில அடிப்படைக் கேள்விகளும் இடம்பெற வேண்டும். அடுத்த தொற்று வரும்வரை இதைத் தள்ளிப்போடக் கூடாது.