நீர்த்தெள்ளு

நீர்த்தெள்ளு, பெரும்பாலும் ஏரி, குளம், குட்டை முதலிய நன்னீர் நிலைகளில் மிதந்து வாழும் நுண்ணிய பிராணி. நீளம் பெரும்பாலும் அரை மில்லிமீட்டர் முதல் மூன்று மில்லிமீட்டர் வரை. பெயரில் தெள்ளு என்றிருப்பினும் இது பூச்சியன்று. சென்னைக் காசிமேட்டில் கூடை கூடையாக ஏலத்துக்கு வரும் இறாலுக்கும் நண்டுக்கும் தூரத்து உறவாகிய ஓட்டுடலியே. கிளைத்த உணர்கொம்புகள் இரண்டைத் துடுப்பென அடித்துத் துள்ளித் துள்ளி நீந்துவதால் இப்பெயர் பெற்றது. 1669-இல் டச்சு விஞ்ஞானி ஸ்வாமர்டாம் இதற்குக் கிளைத்தெள்ளு என்னும் பொருளில் பெயரிட்டதும் அக்கொம்புகளைக் கொண்டே.

உடல் கண்ணாடிபோல் தெளிந்திருப்பதால், இருதயம் துடிப்பதையும், கால்கள் வடித்தெடுத்த பாசி குடலில் பச்சையாக இறங்குவதையும், முதுகுப்புற அறையில் குஞ்சுகள் புரள்வதையும் உயிரோடிருக்கும்போதே நுண்ணோக்கியில் காணலாம். இத்தெளிவே மருத்துவ சாஸ்திரத்துக்கும் உதவியது: ரஷ்ய விஞ்ஞானி மெச்னிகாப், டாப்னியா என்னும் நீர்த்தெள்ளின் உடலுள் புகுந்த காளான் வித்துக்களை இரத்த அணுக்கள் சூழ்ந்து விழுங்குவதைக் கண்டு 1884-இல் வெளியிட்டார், நோய்த்தடுப்பாற்றல் பற்றிய ஆராய்ச்சிக்காக 1908-இல் நோபெல் பரிசும் பெற்றார்.

இதன் இனவிருத்தி மிக விசித்திரமானது. நீரும் இரையும் நிறைந்துள்ள காலத்தில் ஆணின் துணையின்றியே பெண்கள் பெண்களைப் பெற்றுப் பெருகுகின்றன; வெப்பநாட்டுக் குட்டைகளில் மிகுதியாகக் காணப்படும் மொய்னா என்னும் நீர்த்தெள்ளு பிறந்து ஒரு வாரத்துக்குள் தானும் தாயாகிவிடும். நெரிசல் மிகுந்து, இரை குன்றி, நீர் வற்றத் தலைப்படும்போதே பெரும்பாலும் ஆண்கள் தோன்றுகின்றன. அப்போது கருவுற்ற முட்டைகள் சேணம் போன்ற கெட்டியான உறையில் அடங்கிப் பல ஆண்டுகள் உயிரோடிருக்கும். கோடையில் வெடித்துக் கிடந்த ஏரி, வடகிழக்குப் பருவமழை பெய்த சில நாட்களில் மீண்டும் இவற்றால் நிறைவது அவ்வுறைகளால்தான். காற்றும் நீர்ப்பறவைகளின் கால்களும் அவற்றைப் புதிய நீர்நிலைகளுக்கும் கொண்டு சேர்க்கின்றன.

பிராணவாயு குறைந்த சாக்கடைக் குட்டையிலும் மொய்னா பிழைப்பதுண்டு. அங்கே இரத்தத்தின் செந்நிறப்பொருள் மிகுந்து அதன் உடல் சிவக்கும். ஆனால் நச்சு இரசாயனங்களை நீர்த்தெள்ளுகள் எளிதில் தாங்கா. ஆதலால் ஆலைக் கழிவுநீரில் டாப்னியாவை 48 மணி நேரம் விட்டு, அசைவற்றவற்றை எண்ணி நச்சை அளக்கும் சோதனை உலகெங்கும் நடைபெறுகிறது. எண்ணூர், மணலி போன்ற ஆலைப் பகுதிகளுக்கு இது மலிவான காவலாளி. கொளத்தூர் போன்ற இடங்களில் வண்ணமீன் வளர்ப்போர் இவற்றைக் குஞ்சுகளுக்கு உயிருணவாக இடுகின்றனர்.

நீர்த்தெள்ளின் 600-க்கு மேற்பட்ட இனங்களுள் முழுமையாகக் கடலில் வாழ்வன எட்டே. அவற்றுள் பெனிலியாவும் எவாட்னியும் வங்கக் கடலில் உண்டு. மிதவை உயிரிகளைத் தின்னும் நெத்திலி முதலிய சிறுமீன்களுக்கு இவையும் இரையாகின்றன.