வேடந்தாங்கல்: ஊரார் காத்த பறவை ஏரி

செங்கல்பட்டு மாவட்டத்து வேடந்தாங்கல் ஏரி, அரசின் வனத்துறை தோன்றுவதற்கு முன்பே ஊராரின் காவலில் இருந்துவந்த பறவைப் புகலிடமாகும். வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிறைந்ததும், நீரில் நிற்கும் கடப்ப மரங்களில் நத்தைகுத்தி நாரை, கூழைக்கடா முதலியன கூடு கட்ட, அவற்றின் எச்சம் கலந்து உரமேறிய நீர் மதகு வழியே வயல்களுக்குப் பாய்ந்து நெற்பயிரைச் செழிக்கச் செய்ததால், பறவைகளைக் காப்பது உழவர்க்கு அறமாகவும் வாழ்வாதாரமாகவும் அமைந்தது. ஆங்கிலேயப் படைவீரர் பறவைகளைச் சுட்டபோது ஊரார் திரண்டு முறையிட, 1798இல் ஆட்சியர் லயனல் பிளேஸ் ‘கவுல்’ எனப்படும் உரிமைச் சாசனம் வழங்கி வேட்டையைத் தடுத்தார். அவ்வுரிமை 1858இல் புதுப்பிக்கப்பட்டது. 2022இல் ராம்சார் தலமாக, அதாவது பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக, அறிவிக்கப்பட்ட இவ்வேரி, உழவும் காட்டுயிரும் ஒன்றையொன்று தாங்கும் ஏற்பாட்டை ஊராரே பேணும்போதுதான் இயற்கைப் பாதுகாப்பு தலைமுறைகள் கடந்து நிலைக்கும் என்பதற்குச் சான்றாகும்.