துருவமும் வடமீனும்

திசைகாட்டியின் ஊசி வடக்கைத் துருவித் தேடுவதால் 'துருவம்' என்று பெயர் வந்ததாம். சங்கத்தார் சொன்ன வடமீனே துருவ நட்சத்திரமாம். மேடைதோறும் இவ்விரண்டையும் கேட்கிறோம். இரண்டும் பிழை. தமிழின் பெருமைக்குப் பிழையைக் கொண்டு முட்டுக்கொடுக்க வேண்டியதில்லை.

துருவுதல் நல்ல தமிழ்வினை. தேடுதலும் குடைதலும் அதன் பொருள். ஆனால் ஊசி திசை காட்டுவதைச் சீனத்து ஷென் குவோ எழுதிவைத்தது 1088 வாக்கில்தான். அதற்கு வெகுகாலம் முன்பே இச்சொல் வானத்தில் இருந்தது. வடமொழி 'த்ருவ' என்றால் நிலைத்தது, அசையாதது. ரிக்வேதத்தில் அது அடைமொழி. கிருஹ்ய சூத்திரங்களில் மணமகளுக்குக் காட்டும் விண்மீன். விஷ்ணு புராணத்தில் உத்தானபாதன் மகன். 'த்ரோஹ' துரோகமானதுபோல, மொழிமுதல் ஒற்றை உயிர் இளக்க, 'த்ருவ' துருவம் ஆயிற்று. துரோகத்தையும் துருவுதலில் சேர்ப்பார்களா?

காந்தத்தைக் 'காந்து' என்னும் வினையிலிருந்து பிறப்பிப்போரும் இவர்களே. காந்தம் எரிப்பதில்லை. 'அயஸ்காந்தம்', அதாவது இரும்புக்கு இனியது, என்பதன் குறுக்கமே அது.

இனி வடமீன். புறநானூறு 122இல் கபிலர் வள்ளல் காரியின் மனைவியது கற்புக்கு அதை உவமை சொல்கிறார். சிலம்பு கண்ணகிக்குச் சொல்கிறது. பெரும்பாணாற்றுப்படையோ வடதிசையில் விளங்கும் 'சிறுமீன்' என்று அடையாளமே தந்துவிடுகிறது. நற்றிணை 231இன் எழுமீனில், வசிட்டன் என்னும் மீனை ஒட்டி மங்கலாகத் தெரியும் அருந்ததிதான் அது. கற்புக்கு உவமையாவது அருந்ததியேயன்றித் துருவன் அல்லன். கிருஹ்ய சூத்திரங்கள் துருவனையும் அருந்ததியையும் வேறுவேறாகக் காட்டச் சொல்கின்றனவே, அது போதாதா?

போதாதென்பார்க்கு வானமே சாட்சி. பூமியின் அச்சு ஏறத்தாழ 26,000 ஆண்டில் ஒரு வட்டம் சாய்ந்து சுற்றுகிறது. இன்று வான்முனைக்கு ஒரு பாகைக்குள் நிற்கும் துருவ நட்சத்திரம் 2,000 ஆண்டுக்கு முன் 12 பாகை அளவு விலகி நின்றது. மதுரை ஏறத்தாழ 10 பாகை அகலாங்கில் உள்ளது. ஆகவே சங்க மதுரையில் அம்மீன் நாள்தோறும் அடிவானில் மறைந்து எழுந்தது. மறையும் மீனை அசையாதது என்று எவர் சொல்வார்? கி.மு. 2800ஐ ஒட்டி வான்முனையில் நின்றது தூபான் என்னும் மீன். 'த்ருவ' என்று முதலில் பெயர் பெற்றது அதுவே என்றார் வடமொழி அறிஞர் ஹெர்மன் யாகோபி. என் துணிபும் அதுவே.

வானுக்கு உரிய சொல்லைப் பின்னாளில் நிலத்துக்கும் காந்தத்துக்கும் நீட்டினோம். துருவத்தைக் கிரேக்கர் சுழலும் அச்சை எண்ணிப் 'போலோஸ்' என்றார்கள். அவர்கள் சொல்லுக்கு அசைவு தடையில்லை, நம் சொல்லுக்குத் தடை. பூமியின் அச்சுமுனை மீட்டர் கணக்கில் தள்ளாடுவதை 1891இல் வானியலாளர் சேண்ட்லர் காட்டினார். வட காந்தமுனை அதைவிட அலைவது. 1831இல் கடலோடி ஜேம்ஸ் கிளார்க் ராஸ் அதைக் கனடாவின் பூத்தியா தீபகற்பத்தில் கண்டார். இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் அது ஆண்டுக்கு 50 கிலோமீட்டர் அளவு சைபீரியப் பக்கம் நகர்ந்தது. போதாக்குறைக்கு, ஊசியின் வடமுனையை ஈர்ப்பதால் காந்த இயல்பில் அது தென்முனை! இதையா அசையாதது என்பது?

வான்முனையின் நகர்ச்சி ஒரு மனித ஆயுளில் கண்ணுக்குத் தெரியாது. துருவம் அங்கேயே இருக்கட்டும். நிலத்துக்கும் காந்தத்துக்கும் 'முனை' என்றே எழுதுங்கள். வடமீனை அருந்ததிக்கே விட்டுவிடுங்கள்.