நாடி இல்லாத நோய்: ஒரு சிறு வரலாறு

ரத்தக்குழாய்களின் சுவரில் வரும் அழற்சிக்கு வாஸ்குலைட்டிஸ் என்று பெயர். இதில் பல வகை நோய்கள் உண்டு. 1994-ல் அமெரிக்காவின் சேப்பல் ஹில் நகரில் கூடிய மருத்துவர்கள், பாதிக்கப்படும் குழாயின் அளவை வைத்துப் பெரியது, நடுத்தரம், சிறியது என்று அவற்றைப் பிரித்தார்கள். 2012-ல் அந்தப் பட்டியலைத் திருத்தினார்கள்.

பெரிய குழாய் வகையில் ஒன்று தகயாசு நோய். பெரும்பாலும் இளம் பெண்களுக்கு வருவது. 1908-ல் ஜப்பானியக் கண் மருத்துவர் மிகிட்டோ தகயாசு, 21 வயதுப் பெண் ஒருவரின் விழித்திரையில் ரத்தக்குழாய்கள் மாலைபோல் பின்னியிருப்பதை ஒரு மாநாட்டில் விவரித்தார். தாங்கள் பார்த்த இதே போன்ற நோயாளிகளுக்கு மணிக்கட்டில் நாடி கிடைக்கவில்லை என்று அங்கேயே வேறு இருவர் சொன்னார்கள். கோளாறு கண்ணில் தெரிந்தாலும், அதன் மூலம் மகாதமனியிலும் அதன் கிளைகளிலும் இருந்தது. 1951-ல் "நாடி இல்லாத நோய்" என்ற பெயரும் வந்தது.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? 1988-ல் ஜப்பானின் இஷிகாவா ஒரு விதிமுறை வகுத்தார். அதில் வயது 40-க்குள் இருப்பது கட்டாயம். 1990-ல் அமெரிக்க வாதநோய்க் கல்லூரி ஆறு அடையாளங்களைத் தந்தது. மூன்று இருந்தால் போதும்.

இந்தியாவில் ஒரு சிக்கல் இருந்தது. ஜப்பானில் கழுத்துக்கும் கைக்கும் போகும் குழாய்கள் அதிகம் பாதிக்கப்பட்டன. இங்கே வயிற்றுப் பகுதி மகாதமனியும் சிறுநீரகக் குழாய்களும் அதிகம் சுருங்கின. அதனால் பலருக்கு நோய் உயர் ரத்த அழுத்தமாகவே வெளியே தெரிந்தது. 1996-ல் சண்டிகரின் பி.கே. சர்மா குழுவினர் இஷிகாவா விதிகளைத் திருத்தி, வயதுக் கட்டாயத்தை நீக்கினார்கள். பிறகு வேலூர் சி.எம்.சி., லக்னோ மருத்துவர்கள் உள்ளிட்ட இந்தியக் குழு, நோயின் வேகத்தை அளக்க ஐ.டி.ஏ.எஸ். 2010 என்ற மதிப்பெண் முறையை உருவாக்கி 2013-ல் வெளியிட்டது. 2022-ன் சர்வதேச விதிகள் வயது வரம்பை 60 ஆக்கின, ஸ்கேன் ஆதாரத்தையும் கட்டாயமாக்கின.

ஈ.எஸ்.ஆர். சரியாக இருக்கும்போதும் நோய் உள்ளே வளரலாம். சுருங்கிய கையில் பி.பி. பார்த்தால் உண்மையான அளவைவிடக் குறைத்துத்தான் காட்டும்! 1990-ன் ஆறு அடையாளங்களில் ஒன்று, இரு கைகளின் பி.பி.க்கும் 10 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருப்பது.

புதுக்கோட்டைக்கு 2017-ல் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. ஆனால் முதல் சந்தேகம் ஆலங்குடியிலோ அறந்தாங்கியிலோ ஒரு சின்ன கிளினிக்கில்தான் வர வேண்டும். இருபது வயதுப் பெண்ணுக்குக் கை சீக்கிரம் சோர்ந்துபோகிறது, தலை சுற்றுகிறது என்றால், இரண்டு கையிலும் நாடியும் பி.பி.யும் பார்க்க ஐந்து நிமிடம் போதும். தவறவிட்டால் பக்கவாதம் வரை போகலாம், சிறுநீரகமும் கெடலாம்.