நாய்க்குக் குலம் வகுத்த வரலாறு

திருவண்ணாமலை மாவட்டத்துச் செங்கம் வட்டாரத்தில் எடுத்தனூர் என்றோர் ஊர் உண்டு. அங்குள்ள நடுகல் ஒன்று முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டில், அஃதாவது கி.பி. ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் நடப்பட்டது. எருமை மந்தையைக் காக்கும் பூசலில் பட்ட கருந்தேவக்கத்தி என்னும் வீரனுக்காக எடுத்த கல் அது. கல்லில் வீரனோடு ஒரு நாயும் செதுக்கப்பட்டுள்ளது. அதன் பெயர் கோவிவன் என்றும், அது கள்வர் இருவரைக் கடித்துக் காத்து நின்றது என்றும் எழுத்து கூறுகிறது. தலைவனுக்குச் சிறப்புச் செய்த கையே அவனுடைய நாய்க்கும் சிறப்புச் செய்திருக்கிறது.

இக்கல் ஒரு செய்தியைச் சொல்லாமல் விட்டிருப்பதையும் நாம் நோக்க வேண்டும். கோவிவன் என்ன நிறம், அதன் தாய் தந்தை எவை, அது கலப்பா தூயதா என்பதெல்லாம் அக்காலத்தார்க்குப் பொருட்டாகத் தோன்றவில்லை. பெயரும் செயலும் போதியனவாக இருந்தன. பழந்தமிழில் ஞமலி, ஞாளி, சுணங்கன் என நாய்க்குப் பெயர் பல உண்டு. வேட்டுவர் குடியிருப்பைப் பாடிய புலவர்கள் அதன் விரைவையும் பல்லையும் பாடினர், குலத்தைப் பாடினாரில்லை. நாயைத் தாழ்வுக்கு உவமை கூறும் வழக்கும் நம்மிடம் இருந்ததே; மாணிக்கவாசகர் தம்மை நாயேன் என்பார். ஆயின் அது நாய் அனைத்துக்கும் பொதுவான தாழ்வு. நாய்க்குள்ளேயே மேல் கீழ் வகுத்த தாழ்வு அன்று.

அவ்வகுப்பு எப்போது வந்தது? 1859ஆம் ஆண்டு சூன் திங்களில் இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் நாய்க்காட்சி ஒன்று நடந்தது. வேட்டை நாய்வகை இரண்டுமட்டும் கலந்துகொண்ட அதுவே இக்கால நாய்க்காட்சிகளுக்குத் தொடக்கம் என்பர். (டார்வின் உயிரினத் தோற்றம் பற்றிய நூலை வெளியிட்டதும் அதே ஆண்டுதான். உயிர்வகைகள் நிலையானவை அல்ல என்று ஒருவர் நிறுவிக்கொண்டிருந்த ஆண்டிலேயே, வேறு சிலர் அவற்றை நிலைநிறுத்தப் புறப்பட்டனர்!) 1873இல் லண்டனில் கென்னல் கிளப் நிறுவப்பட்டது. நாய்களின் பிறப்பைப் பதியும் ஏடு திறந்தது. ஏட்டில் உள்ள நாய்க்குப் பிறந்ததே ஏட்டில் ஏறும் என்ற முறையும் படிப்படியாக இறுகியது. அன்றுவரை ஆடு மேய்க்கவும், எலி பிடிக்கவும், முயல் துரத்தவும் வளர்த்த விலங்கு, அதன்பின் அளவுகோலால் நிற்கும் அழகுப்பொருளாயிற்று.

அக்கூட்டத்தார் ஏட்டுக்குப் புறத்தே நின்ற நம் நாட்டுத் தெருநாய்க்கு என்ன பெயரிட்டனர் தெரியுமா? ‘பறையா நாய்’ என்றனர். தமிழ்நாட்டில் ஒடுக்குண்ட மக்கட்பிரிவு ஒன்றின் பெயரைக் கடலுக்கப்பால் கொண்டுபோய், ஒதுக்கப்பட்டவனுக்கும் வீடற்ற நாய்க்கும் சூட்டிய ஆங்கிலச்சொல் இன்றும் அகராதியில் இருக்கிறது. நாமும் பின்தங்கவில்லை. சீமையிலிருந்து வந்த நாயைச் ‘சாதி நாய்’ என்றோம். துரையின் பங்களாவில் இருந்தது சாதி நாய். லயத்தில் இருந்தது நாட்டு நாய். நியாலாஸ், அசகான் பக்கத்து ரப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்த நம் முன்னோர்க்கு இவ்வேறுபாடு விளக்கிச் சொல்ல வேண்டியதன்று.

இனித் தமிழ்நாட்டு நாய்களிடம் வருவோம். இராசபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை, கன்னி என்பன தென்பாண்டி நாட்டின் பெருமைகள். பெரும்பாலும் ஊர்ப்பெயராலேயே அறியப்படுபவை. இந்திய அஞ்சல்துறை 2005ஆம் ஆண்டு சனவரியில் உள்நாட்டு நாய்களுக்கு நான்கு முத்திரைகள் வெளியிட்டபோது இராசபாளையம் அவற்றுள் ஒன்றாக இடம்பெற்றது. பாளையக்காரர் காலத்தோடு இந்நாயைத் தொடர்புபடுத்துவது வழக்கம். இளஞ்சிவப்பு மூக்கும் பால்வெள்ளை உடலுமே இதன் இலக்கணம் என்று கொள்ளப்படுகிறது.

இவ்விலக்கணத்தில்தான் இடர் தொடங்குகிறது. உட்செவியில் ஒலியை உணரும் நுண்மயிர் அணுக்கள் உயிர்வாழ வேண்டுமாயின், அவற்றை அடுத்த குருதிப்படலத்தில் நிறம் தரும் அணுக்கள் இருத்தல் வேண்டும். தோலுக்கு நிறம் தருபவையும் இவையே. உடலை முற்றும் வெண்மையாக்கும் மரபு சில குட்டிகளில் இவ்வணுக்களைச் செவிவரை சேரவிடுவதில்லை. அப்போது பிறந்த சில வாரங்களிலேயே உணர்வணுக்கள் மடிந்துவிடுகின்றன, குட்டி செவிடாகிறது. இராசபாளையத்தில் செவிட்டுக் குட்டிகள் பிறப்பது இதனாலேயே. மறுபுறம், நிறத்தோடு பிறந்த குட்டியை இனத்துக்கு இழுக்கு என்று கருதிக் கொன்றுவிடும் வழக்கம் இருந்ததை இவ்வினத்தைப் பற்றி எழுதியோர் குறித்திருக்கின்றனர். நன்றாகக் கேட்கும் குட்டி மாளும். கேளாத குட்டி வாழும். வாழ்ந்து அம்மரபையே பெருக்கும். இதைவிடத் தலைகீழான முறை வேறு உண்டோ?

சென்னைச் சைதாப்பேட்டையில் தமிழ்நாட்டு அரசின் கால்நடைத்துறை 1980-81இல் நாய் இனப்பெருக்க நிலையம் ஒன்றைத் தொடங்கியது. நாட்டு இனங்கள் அழியாமல் காப்பதே நோக்கம். நோக்கம் நல்லதே. ஆனால் நெருங்கிய உறவுக்குள் இணைசேர்ப்பதும், நாய்கள் நலங்குன்றி இருப்பதும் விலங்கு நல ஆர்வலரால் எடுத்துக்காட்டப்பட, வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் சென்றது. 2016இல் நிலையத்தை மூட ஆணை பிறந்தது. மறு ஆண்டே இந்திய அரசு நாய் இனப்பெருக்க விதிகளை வெளியிட்டது. 18 மாதம் நிரம்பாத பெட்டையையும் 8 வயது கடந்த பெட்டையையும் ஈனவிடக் கூடாது, வாழ்நாளில் ஐந்து ஈற்றுக்கு மேல் கூடாது, எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்பன அவற்றுட் சில. இவ்விதிகளுக்கு மூலமான விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் 1960இல் வந்தது. அதற்கு வித்திட்டவர் மாநிலங்களவையில் தனிமசோதா கொணர்ந்த ருக்மிணிதேவி அருண்டேல். பரதநாட்டியத்துக்காக அவரை நினைக்கும் நம்மில் எத்துணைப் பேர் இதற்காக நினைக்கிறோம்!

மூடியது சரியா என்று கேட்போர் உண்டு. அவர் கேள்வியைத் தள்ளிவிட முடியாது. காக்கும் கை எடுபட்டால், வரைமுறையற்ற கலப்பில் இராசபாளையமும் கோம்பையும் பெயரளவில் எஞ்சும் என்று அவர் அஞ்சுகின்றனர். இந்திய நாய்களைப் பற்றி 2017இல் ஆங்கில நூல் எழுதிய தியடோர் பாஸ்கரனும் நாட்டு இனங்கள் அருகிவருவதை வருந்தி எழுதியவரே. வெயிலையும் முள்ளையும் தாங்க நம் மண்ணில் உருவான உடலை இழப்பது இழப்புத்தான். ஆனால் அவ்வுடலை உருவாக்கியது ஏடு அன்று, வேலை. ஓடாத நாயை வேட்டைக்காரன் வைத்துக்கொள்ளவில்லை. நிறம் பார்த்து வைத்துக்கொண்டவன் பின்னால் வந்தவன்.

தூய்மையும் நலமும் முரணும்போது என்ன செய்வது என்பதற்கு டால்மேசியன் நாயின் கதை நல்ல சான்று. வெள்ளையில் கரும்புள்ளி இட்ட அவ்வினம் முழுதும் ஒரு குறையைச் சுமந்தது; சிறுநீரில் யூரிக் அமிலம் மிகுந்து கல் உண்டாகும். இனத்துக்குள் எங்குத் தேடியும் குறையற்ற நாய் கிடையாது. ஆகவே 1973இல் அமெரிக்க மரபியலாளர் இராபர்ட் ஷைபிள், பாயிண்டர் என்னும் வேட்டைநாய் ஒன்றோடு ஒரே ஒருமுறை கலந்தார். பின் தலைமுறைதோறும் டால்மேசியனோடே இணைத்தார். தோற்றத்தில் டால்மேசியனாகவும் குறை நீங்கியதாகவும் நாய் கிடைத்தது. 1981இல் அமெரிக்கக் கென்னல் கிளப் அவற்றுள் இரண்டைப் பதிந்தது. டால்மேசியன் சங்கத்தார் எதிர்த்ததால் பதிவு நின்றது. ஒரு துளி அயல் இரத்தத்தை மறக்க அவர்களுக்கு 2011 வரை ஆயிற்று. அதற்குள் கல்லடைத்து வருந்திய நாய்களுக்கு யார் விடைசொல்வது?

மேனாட்டிலும் மனம் மாறிவருகிறது. தாய்-மகன், தந்தை-மகள், உடன்பிறப்பு இணைகளின் குட்டிகளைப் பதிவதில்லை என்று இங்கிலாந்துக் கென்னல் கிளப் 2009இல் முடிவு செய்தது. மூளைக்குப் போதிய இடமின்றி மண்டை சுருங்கிய கவாலியர் இனத்தைப் பெருக்குவது சட்டத்துக்கு மாறானது என்று நார்வே உச்சநீதிமன்றம் 2023இல் தீர்ப்பளித்தது.

மலேசியாவிலும் இதற்கு ஒரு சிறு கிளைக்கதை உண்டு. பகாங் மலையில் தெலோம் ஆற்றங்கரைப் பூர்வகுடியினர் வளர்த்த நாய்கள், கால்நட்டு உயர்த்திய வீடுகளுக்கு ஏணியேறிப் பழகியவை. 1963இல் ஆர்வில் எலியட் என்னும் மானிடவியலாளர் அவற்றுள் ஒரு சோடியை அமெரிக்க ஆய்வகத்துக்கு அனுப்பினார். தெலோமியன் என்று பெயரிட்டு, 1970இல் சங்கமும் அமைத்தனர். ஒரு சோடியிலிருந்து ஓர் இனத்தை எழுப்புவதன் கேடு மரபியல் படித்தோர்க்குத் தெரியாததன்று. 1973இல் மேலும் சில நாய்கள் இங்கிருந்து போயின.

2015இல் இயற்றி 2017 சூலையில் நடைமுறைக்கு வந்த மலேசிய விலங்கு நலச் சட்டம், கொடுமை செய்வார்க்கு 20,000 முதல் 1,00,000 ரிங்கிட்வரை தண்டமோ மூன்றாண்டுவரை சிறையோ விதிக்கிறது. தடியால் அடிப்பதும் பட்டினி போடுவதும் அதற்குள் எளிதாக அடங்கும். கேளாத செவியோடு பிறக்கும் என்று அறிந்தே குட்டியைப் பிறப்பிப்பது அடங்குமா? ஐந்து வாரக் குட்டியின் தலையில் மெல்லிய மின்முனைகள் பொருத்தி, ஒலிக்கு மூளை தரும் விடையைச் சில நிமிடங்களில் அளந்துவிடும் கருவி உண்டு. இரு செவியும் கேட்கும் குட்டியை மட்டுமே இனப்பெருக்கத்துக்கு வைப்பது, நிறக்குட்டியைக் கொல்லாமல் ஏட்டில் ஏற்றுவது என்ற இரண்டையும் இராசபாளையம் வளர்ப்போர் ஏற்றால், ஏழெட்டு ஈற்றுக்குள் வேற்றுமை தெரியவரும். அந்நாய்களுள் சில பால்வெள்ளையாக இரா.